லிட்டருக்கு எட்டு

ஐப்பசி 9, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு வெயில். துணி பாதி காய்ந்தது, பாதி சாம்பலோடு. வாடைக்காற்று அடித்தால் வள்ளூர் கரண்ட் கம்பெனிப் பக்கத்துச் சாம்பல் நேராக விம்கோ நகர்தான், அதுவும் எங்கள் மொட்டை மாடிதான். வடகம் போடலாம் என்றிருந்தேன். போடவில்லை.

இன்று முதல் எனக்கு ஒரு வேலை. கணக்குப் பிள்ளை வேலை. அண்ணன் மகன் குமரேசன் இந்த டைரியைக் கொடுத்தான். பெயின்ட் கடையில் கொடுத்ததாம், போன வருடத்தது. பின்பக்கத்திலிருந்து காருக்கு, முன்பக்கத்திலிருந்து எனக்கு என்று நானே பிரித்துக்கொண்டேன். கேட்டால் சிரிப்பான். கேட்கமாட்டான், படிக்கவும் மாட்டான்.

கார் கேப்டன் சாருடையது. கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு வந்த சிவப்பு வண்டி. தரையோடு தரையாக, தவளை உட்கார்ந்த மாதிரி. இருபது வருடம் ஷெட்டில் கிடந்ததை நம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து விட்டார். குமரேசன் போட் எஞ்சின் பார்க்கிறவன். "படகு மெக்கானிக்குக்கு இன்னாத்துக்கு காரு" என்று எத்தனை பேர் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து சாமான் வர எட்டு மாதம். ஆவணியில்தான் எஞ்சினை மூடினான்.

அந்த எஞ்சினே வேறு மாதிரி. கு. எனக்குச் சொன்னது:

"நம்ம எஞ்சின்ல பிஸ்டன் மேலயும் கீயவும் குதிக்கும் அத்தை. இதுல குதிக்கிறதே கெடயாது. முக்கோணமா ஒன்னு உள்ளாற சுத்திக்கினே கீது. மூணு முனையிலயும் காத்து லீக்கு ஆவாம அடைக்க ஒரு சின்ன சீலு. அது தேஞ்சிச்சி, எஞ்சினு காலி."

"தெறக்காம எப்படிடா தெரியும், தேஞ்சுதா இல்லியான்னு?"

"பெட்ரோலு சொல்லும். நல்லா கீற எஞ்சினு லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரு குடுக்கும். உள்ள லீக்கு ஆச்சின்னா அஞ்சு, நாலுன்னு எறங்கும். அதுக்குத்தான் உன்னிய எழுதச் சொல்றேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. கிரைண்டர் மாதிரி. கல்லுக்கும் தொட்டிக்கும் இடைவெளி வந்துவிட்டால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாவு நைஸாக வராது, கரண்ட் மட்டும் போகும். சொன்னேன். "அட, கரீக்டு அத்தை" என்றான். நாள் முழுக்க சந்தோஷம்.

கேப்டன் சார் பேச்சு: இந்த வாரம் தினமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எட்டு வந்தால் வண்டி இங்கேயே இருக்கும். அவருடைய நண்பர்கள் இரண்டு பேரின் பழைய வண்டிகளும் வரும். வராவிட்டால் பெங்களூருக்கு அனுப்பிவிடுவார். அங்கே பெரிய இடம் இருக்கிறதாம்.

இன்று காலை 7 மணிக்கு ஓட்டினான். பங்க்கில் வாய்வரை நிரப்பி, எண்ணூர் போய்த் திரும்பி, மறுபடி அதே பங்க்கில் வாய்வரை. நான்தான் வகுத்தேன். 7.9. எட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். வடிவுடையம்மா.

கு. எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னது: "இந்த வண்டிய நான் இல்லாம யாரும் ரெண்டடி கூட நவுத்தக் கூடாது." சரி.

முழங்கால் வலி. புளி தீர்ந்துவிட்டது.


ஐப்பசி 10, திங்கள்

மேகம். மழை இல்லை.

எந்த நாள் எத்தனை மணிக்கு ஓட்டுவேன் என்று கு. எழுதின பட்டியல் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. டிரெய்லர் லாரிகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டிருக்கிறான். லாரியைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தானா?

திங்கள் 8 மணி. ராகு காலம் ஏழரை டு ஒன்பது.
செவ்வாய் காலை 7. பரவாயில்லை.
புதன் பன்னிரண்டரை. ரா.கா.
வியாழன் 2 மணி. ரா.கா.
வெள்ளி 11. ரா.கா.

தேடித் தேடி வைத்த மாதிரி. ஆவணியில் முதன்முதல் இந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு. நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தண்ணீர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு வெந்நீர் அடித்து, அவன் கை முழுக்கக் கொப்புளம். இப்போதும் முழங்கைக்குக் கீழே பளபளவென்று தோல். 

சொன்னால், "ராகுக்கு பெட்ரோலப் பத்தி இன்னா தெரியும்" என்பான். அவன் பெண்டாட்டி மினா ராயபுரத்துப் பெண், மாதா கோவில் பிள்ளை. அவளும், "எங்க சாமிக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான் அத்தை" என்று சிரிப்பாள். நல்ல பெண். ஆனால் சிரிப்பாள்.

அதனால் ஒரு வழி செய்தேன். எங்கள் ஊரில் கெட்ட நேரத்தில் பயணம் என்றால் முன்னாடியே பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு. காருக்குப் பை ஏது. கு. மாடியில் தண்ணீர் மோட்டார் சத்தத்தோடு குளிக்கப் போன சமயம், ஏழே காலுக்கு, கீழே இறங்கி வண்டியில் உட்கார்ந்தேன். சாவி திருப்பத் தெரியும். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு என்னைத்தானே திருப்பச் சொல்லுவான். சோக் குமிழை இழுத்தேன், திருப்பினேன், உறுமியது. பிள்ளையார் நாமம் மூன்று தரம். அணைத்துவிட்டேன். அவ்வளவுதான். இனி எட்டு மணிக்கு அவன் எடுப்பது தொடர்ச்சி. ஆரம்பம் இல்லை.

நகர்த்தவில்லை. ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை.

பக்கத்து லேத் பட்டறை காதர் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, காத்தாலியே வண்டி உறுமுது?"

"கொமரேசன்தான் போடச் சொன்னான் பாய்."

பொய். ஒரு பொய். போகட்டும், பிள்ளைக்காகத்தானே.

இன்றைய கணக்கு: 31 கி.மீ., 5 லி. அப்படியென்றால் 6.2. நான் இரண்டு தரம் வகுத்தேன். கு. போனில் தட்டிப் பார்த்தான். அதேதான்.

"டிராபிக்கா இருக்கும்" என்றான். முகம் சரியில்லை.


ஐப்பசி 11, செவ்வாய்

வெயில். வடகம் போட்டேன், சாம்பல் விழாமல் மினாவின் பழைய சேலையை மேலே கட்டி.

காலை 7 மணி ஓட்டம். இன்று நான் எதுவும் செய்யவில்லை, தேவையில்லை. 6.8.

கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏறினால் நல்லதுதானே என்றேன். "எட்டுல இருந்து பாத்தா எறக்கம்தான் அத்தை" என்றான். ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகை வந்ததாம். அதை மட்டும் மூன்று தரம் சொன்னான்.

கேப்டன் சார் போன் செய்தார். கு. "போயிட்டே கீது சார், நாளைக்குச் சொல்றேன்" என்றான். 6.8 என்பதைச் சொல்லவில்லை. அவன் எதையும் மறைக்கிற பிள்ளை இல்லை.

வாங்க வேண்டியது: புளி, கற்பூரம், முட்டிக்குத் தைலம், மினா சோறு வைக்கிற பூனைக்கு ஒன்றும் இல்லை (அவள் கேட்டாலும்).


ஐப்பசி 12, புதன்

ராத்திரி நல்ல மழை போல. தெருவில் தண்ணீர், அதன்மேல் டீசல் வானவில்.

மினா இன்று நவநாள் ஜெபத்துக்கு ராயபுரம் போனாள். ரயிலில். "காருக்கும் சேத்து வேண்டிக்கோம்மா" என்றேன். "எந்த சாமின்னாலும் பரவால்லியா அத்தை?" என்றாள். "இந்த வாரம் பரவால்ல" என்றேன். வாசல் வரை சிரித்துக்கொண்டே போனாள்.

பன்னிரண்டுக்கு ரா.கா. தொடக்கம். பதினொன்றே முக்காலுக்கு கு. ஒரு போட் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டு பின்பக்கம் இருந்தான். லேத் சத்தம் வேறு. போய் உட்கார்ந்தேன். சோக், சாவி. முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் உறுமியது. பெட்ரோல் வாடை. நாமம் மூன்று தரம், அணைத்தேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன். என்ன தப்பு செய்கிறேன்? கற்பூரம் ஏற்றுவது தப்பா? அது மாதிரிதானே இதுவும்.

பன்னிரண்டரைக்கு அவன் எடுத்தபோது இருமி இருமித்தான் பிடித்தது. வெள்ளைப் புகை. காதர் பாய், "இன்னா மாமு, கொசு மருந்து வண்டியா?" என்றார். எப்போதும் பதிலுக்கு ஒன்று விடுவான். இன்று விடவில்லை.

28 கி.மீ., 5 லி. 5.6.

சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நெத்திலிக் குழம்பு. நெத்திலியை விட்டு அவன் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

நேரம் சரியில்லை, அதுதான். நான் ஒரு தரம் செய்வது போதவில்லை.


ஐப்பசி 13, வியாழன்

புழுக்கம். கம்பெனிப் பக்கமிருந்து முட்டை அழுகின வாடை. ஜன்னல் சாத்தினேன்.

இன்று இரண்டு தரம் செய்தேன், கு. வெளியே போன நேரம் பார்த்து. காலையில் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து ஒரு தரம். ஒன்றே காலுக்கு, ரா.கா.வுக்கு முன்னாடி, இன்னொரு தரம். இரண்டாவது தடவை நாமத்தோடு வடிவுடையம்மனையும் சேர்த்துக்கொண்டேன். வண்டி மூக்கில் குங்குமம். சிவப்பில் சிவப்பு, தெரியவில்லை.

5.1.

எழுதவே கை வரவில்லை. ஐந்து புள்ளி ஒன்று.

கு. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன், முட்டி வலியோடு.

"சீலு போச்சி அத்தை. நான்தான் எங்கியோ தப்பா உக்கார வச்சிட்டேன்."

"நீ தப்பா வைக்கிற ஆளாடா?"

"எட்டு மாசம் காத்துனு இருந்து வந்த சீலு. போட்ல கை வச்சவன் கார்ல கை வைக்கலாமான்னு கேட்டானுங்கோ. கரீட்டாத்தான் கேட்டுக்கீறானுங்கோ."

 அவன் பதினோரு வயதில் அண்ணனும் அண்ணியும் போன பிறகு என்னிடம் வந்தவன். அழுததைப் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.


ஐப்பசி 14, வெள்ளி

தூறல். கோவிலுக்குப் பூ வாங்கி வைத்தேன். போனது மாலை ஐந்துக்கு. அதை அப்புறம் எழுதுகிறேன்.

காலை பத்தேகாலுக்கு, கு. டீக்கடைக்குப் போனதும், ஒரு தரம் செய்தேன். ஏகப்பட்ட தரம் சாவியைத் திருப்பின பிறகு லேசாகப் பிடித்து, நாமம் முடிவதற்குள் தானே அணைந்துவிட்டது.

பதினொன்றுக்கு கு. வந்தான். பிடிக்கவே இல்லை. திருப்பினான், திருப்பினான். ர்ர்ர் ர்ர்ர். கடைசியில் பேட்டரியும் சோர்ந்துவிட்டது, போட் பேட்டரி ஒன்றைச் சேர்த்து மாட்டினான். இறங்கி பானெட்டைத் திறந்து, பிளக்குகளைக் கழற்றி, ஓட்டையில் ஏதோ பிரஷர் மீட்டர் வைத்தான். என்னைத் திருப்பச் சொன்னான். மீட்டர் முள் டப் டப் டப் என்று மூன்று தரம் துள்ள வேண்டுமாம், முக்கோணத்தின் மூன்று பக்கத்துக்கும். துள்ளியது, ஆனால் சோம்பலாக. பாதிகூட ஏறவில்லை.

கழற்றின பிளக்கைத் துணியில் துடைத்தான். மோந்து பார்த்தான். காதர் பாயிடம் நீட்டினான். நான் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"பாரு பாய். சொட்டச் சொட்ட பெட்ரோலு."

"நனைஞ்சி கீதே. எதுனால?"

"ஜில்லுன்னு கீற எஞ்சினை சோக்கு போட்டு, பெட்ரோல அள்ளி உட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏர்றதுக்குள்ள ஆஃப் பண்ணா இப்டி ஆவும். பெட்ரோலு உள்ளாற தேங்கி, சீலு மேல கீற ஆயிலக் கய்விட்டுடும். இந்த எஞ்சினோட வியாதியே அதான். ஒருக்கா போட்டா கொதிக்கிற வரைக்கும் ஓடணும். அதுக்குத்தான் யாரும் நவுத்தாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன். நாம ஒரு நாளும் அப்டி பண்ல. அப்போ வேற இன்னா? சீலுதான்."

பாய் என்னைப் பார்த்தார்.

நான் பாயைப் பார்த்தேன்.

பாய் போய் லேத்தை ஆன் செய்துவிட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.  மூன்று தரம் பிள்ளையார் நாமம். எல்லாம் நான். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கு. போனை எடுத்துவிட்டான். கேப்டன் சாரிடம் எல்லாம் சொன்னான், எண்கள் உட்பட. "சீலுதான் சார். தெறந்து பாக்கணும்." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. இவன், "சரி சார். சரி சார். ஞாயித்துக்கிழமை வாங்க சார்" என்று வைத்தான்.

ஞாயிறு லாரி வருகிறது. வண்டியை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு. "தெறக்குறதுன்னா அங்கயே தெறக்கட்டும்னு சொல்லிட்டாரு." கொஞ்ச நேரம் கழித்து: "நான் நாளைக்கு எறக்கி பாத்துடறேன். எந்த சீலுன்னாச்சும் தெரிஞ்சிக்கினு அனுப்பறேன். என் தப்ப என் கண்ணால பாக்கணும்."

அவன் தப்பு இல்லை. திறந்தால் ஒன்றுமிருக்காது. நன்றாக இருக்கிற எஞ்சினைத் திறந்து, எட்டு மாதத்துச் சீலைக் கையோடு உடைத்து எடுப்பான். மறுபடி கிடைக்காது.

மாலை கோவில். பிராகாரத்தில் மூன்று சுற்று, எண்ணிக்கை தவறி ஐந்தாகிவிட்டது. அம்மாவிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. வண்டி நன்றாக ஆக வேண்டும் என்பதா? அதற்கு நான் வாயைத் திறந்தால் போதும், அம்மா எதற்கு. அவன் கோபிக்கக் கூடாது என்பதா? அதைக் கேட்க வெட்கம். பூவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

டைரியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஞா. 7.9 (செய்யவில்லை). தி. 6.2 (ஒரு தரம்). செ. 6.8 (செய்யவில்லை). பு. 5.6 (ஒரு தரம்). வி. 5.1 (இரண்டு தரம்). என் கையெழுத்திலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை கணக்கில் நான்தான் முதல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது போய்ச் சொல்ல வேண்டும். மினா இருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், மூன்று நாளைக்கப்புறம் ஒழுங்காக. சாப்பிடட்டும்.

சொல்லவில்லை.


ஐப்பசி 15, சனி

மழை விட்டிருந்தது. காலை ஏழரைக்கே கீழே செயின் சத்தம். எஞ்சினைத் தூக்க உத்தரத்தில் செயின் கப்பி மாட்டிவிட்டான். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. இரண்டு போல்ட் கழற்றித் தட்டில்.

"கொமரேசா, நிறுத்து."

"ராகு காலம் ஒம்போதுக்குத்தான் அத்தை. எனக்கும் தெரியும். அதுக்குத்தான் சீக்கிரம் ஆரம்பிச்சேன். உனக்காவத்தான்."

எனக்காக. அதைக் கேட்டதும் தாங்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். எல்லாம். திங்கள், புதன், வியாழன் இரண்டு, வெள்ளி. சோக்கு. பாயிடம் சொன்ன பொய். நகர்த்தவில்லை என்பதையும் சொன்னேன், அது ஒன்றுதான் என் பக்கம் இருந்தது.

கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். பழைய டயர் மேல் உட்கார்ந்தான்.  திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எத்தினி தபா?"

"அஞ்சு."

"ஒவ்வொரு தபாவும் எவ்ளோ நேரம் ஓடுச்சி?"

"பிள்ளையார் நாமம் மூணு தரம்."

"அது எத்தினி செகண்டு?"

"எனக்கு இன்னாடா தெரியும்."

போனை எடுத்தான். ஸ்டாப் வாட்சை வைத்தான். "சொல்லு."

"இப்பவா?"

"சொல்லு அத்தை. டைம் பாக்கணும்."

கிரீஸ் தரையில் நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு, பிள்ளையார் நாமம் மூன்று தரம் சொன்னேன். மினா படியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பாய் வாசலில். முப்பத்தெட்டு செகண்டு.

"முப்பத்தெட்டு செகண்டு" என்றான் பாயிடம், யாரோ செத்துப் பிழைத்த சேதி சொல்கிற மாதிரி. "அதுக்குள்ள சூடே ஏறாது. பாய், சீலு போவல."

"எனக்கு நேத்தே டவுட்டு" என்றார் பாய்.

"ஏன்யா சொல்லல?"

"அக்கா சொல்லுவாங்கன்னு பாத்தேன்."

அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை மட்டும். போல்ட்டைத் திரும்பப் போட்டான். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றவிட்டான், ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவியாகச் சீறியது. ஒவ்வொரு ஓட்டையிலும் சிரிஞ்சால் கொஞ்சம் ஆயில், சீல்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி. புது பிளக். பேட்டரி மாற்றி. பாயும் பட்டறை ஆட்களும் தள்ள, மினா தள்ள, நானும் தள்ளினேன். "நீ தள்ளாத" என்றான். அது ஒரு வார்த்தை.

பிடித்தது. தெரு முழுக்க வெள்ளைப் புகை, எதிர்வீட்டு நாய் ஊளை, மாடியில் யாரோ திட்டு. ஆனால் பிடித்தது. நிறுத்தாமல் அப்படியே வள்ளூர் வரை ஓட்டிவிட்டு வந்தான், எஞ்சின் கொதிக்கக் கொதிக்க.

மாலை மறுபடி அளந்தோம். 7.4. கேப்டன் சாருக்குப் போன். லாரி வேண்டாம், நீங்கள் வந்து ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள் என்றான். "லாரி கேன்சல் பண்ண முடியாது, ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டேன், நான் மூணு மணிக்கே வரேன்" என்றாராம்.

ஏன் 5.1 வந்தது என்று அவர் கேட்டதற்கு, "என் வூட்ல ஒரு மிஸ்டேக்கு சார், என் மிஸ்டேக்குதான்" என்றான். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.


ஐப்பசி 16, ஞாயிறு

வெயில், காற்று. கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

மூன்று மணி என்றவர் மூன்றுக்கு வரவில்லை. மூன்றரை இல்லை. நாலு இல்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். நாலே முக்காலுக்கு வந்தார். ஞாயிறு ரா.கா. நாலரை டு ஆறு. ஆறுக்கு லாரி.

கு. என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்க்கவில்லை. கண்ணை எடுத்து வேறு பக்கம் வைத்துக்கொண்டேன்.

"எழுதறதுக்கு நீயும் வா" என்றான்.

அந்தக் காரில் பின் சீட்டு என்பது பெயருக்கு. முட்டி இரண்டும் தாடையில். மடியில் டைரி. கேப்டன் சார் ஓட்டினார், கு. பக்கத்தில். பங்க்கில் வாய்வரை நிரப்பி, எண்ணூர், வள்ளூர், மீஞ்சூர் போய்த் திரும்பல்.  எஞ்சின் சத்தம் தையல் மிஷின் மாதிரி சீராக. 

திரும்பும்போது அவர் கேட்டார். "என்ன மிஸ்டேக் பண்ணே குமரேசன்? நீ அப்படிப் பண்ற ஆள் இல்லையே."

கு. ரோட்டைப் பார்த்தான். "கவனிக்காம உட்டுட்டேன் சார்."

"அவன் இல்லீங்க சார்" என்றேன் பின்னாலிருந்து. "நாந்தான்."

"அத்தை, சும்மா இரு."

"நீ சும்மா இரு." சொல்லிவிட்டேன். ராகு காலம், சோக்கு, நாமம், முப்பத்தெட்டு செகண்டு, எல்லாம். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீர் ஹோஸ், கொப்புளம், பஞ்சாங்கம் வரை போய்விட்டது.  அத்திப்பட்டு தாண்டும்வரை அவர் கியரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டினார். சரி, போச்சு என்று நினைத்தேன். கு.வின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எங்க கப்பல்ல ஒரு சீஃப் ஆபீசர் இருந்தார்" என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை கிளம்பவே மாட்டார். கிளம்பியே ஆகணும்னா, வியாழக்கிழமையே கயித்தை அவுத்து, கப்பலை ரெண்டடி தள்ளி, திரும்பக் கட்டச் சொல்லுவார். அப்ப கப்பல் வியாழக்கிழமையே கிளம்பிடுச்சுன்னு அர்த்தமாம். நானும் அவருக்காக அவுத்துக் கட்டியிருக்கேன்மா."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா கப்பல் எஞ்சின் பொறுத்துக்கும். இந்த வண்டி பொறுத்துக்காது."

"தெரிஞ்சுக்கிட்டேன் சார்."

பங்க்கில் திரும்ப நிரப்பினார்கள். பெட்ரோல் போடுகிற பெண், "வாய்வரிக்குமா? வயிஞ்சா நான் பொறுப்பில்ல" என்றாள். மீட்டர் ஓடுவதை நான் பார்க்கவில்லை. நின்ற பிறகு பார்த்தேன்.

40.5 கி.மீ. 5 லி.

வகுத்தேன். திரும்ப வகுத்தேன். டைரியை முன்னால் நீட்டினேன், வாயால் சொல்ல வரவில்லை.

8.1.

கேப்டன் சார் எழுதினதை விரல் வைத்துப் பார்த்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. டிரைவரிடம் போய் ஏதோ பேசினார். லாரி காலியாகத் திரும்பியது. வந்து சாவியை கு. கையில் வைத்தார்.

"சாவி இங்கயே இருக்கட்டும். அம்மா கையில மட்டும் குடுக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள். பாய் அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம்.

ராத்திரிச் சாப்பாட்டில் கு. நெத்திலி கேட்டான். என்னிடம்தான் கேட்டான்.


ஐப்பசி 17, திங்கள்

மேகம். முட்டி தேவலை. நேற்று காரில் மடக்கி உட்கார்ந்ததில் முட்டியே போயிருக்க வேண்டும், போகவில்லை.

கு. இன்று எட்டு மணிக்கு வண்டி எடுக்கிறான். கேப்டன் சாரின் நண்பர் பார்க்க வருகிறாராம். ராகு காலம் ஏழரைக்கு. சாவி மினாவின் மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில். எட்டும் உயரம்தான்.

ஏழே காலாகிறது. கு. குளிக்கப் போயிருக்கிறான்.

அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழு இருபது. ஏழு இருபத்தைந்து. மினா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். 

ஏழரை அடித்துவிட்டது. நாமம் சொல்கிறேன், இங்கேயே, வண்டி இல்லாமல். மூன்று தரம். பதினொரு தரம் ஆகிவிட்டது.

எட்டு மணி. கீழே கார்க் கதவு, பிறகு சாவி திருப்புகிற சத்தம்.

பிடித்துவிட்டது. முதல் தரத்திலேயே. அணைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.